தெமாரி வாங்கும் முன்: ஜப்பானிய நூல் பந்துகளைப் பரிசளிப்பது பற்றி வாசகர் கேள்விகள்

ஜப்பானில் வேலை பார்க்கும் நம்மவர்களிடமிருந்தும், அங்கே சுற்றிப் பார்க்கப் போகிறவர்களிடமிருந்தும் தெமாரி பற்றிக் கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டன. உருண்டை ஒன்றின் மேல் வண்ண நூலால் பூவும் நட்சத்திரமுமாகத் தைத்த பந்துதான் தெமாரி. கல்யாணம், குழந்தை பிறப்பு, அறுபதாம் பிறந்தநாள் போன்ற நல்ல காரியங்களுக்கு மனசார எடுத்துக்கொடுக்க ஏற்ற பொருள் இது. ஆனால் இதன் பெயரைச் சொல்லி வேறு எதையோ தலையில் கட்டுவதும் நடக்கிறது. அதனால் இந்த முறை பகுதி முழுக்க இதற்கே.

கேள்வி: என்னோடு வேலை செய்யும் ஜப்பானியத் தோழிக்குக் கல்யாணம். பெண் வீடு கனாசவா. பணக் கவரோடு நினைவுக்கு ஒரு தெமாரியும் கொடுக்க ஆசை. தப்பாக எடுத்துக்கொள்வார்களா? (நிஷி-கசாய், டோக்கியோ)

தாராளமாகக் கொடுக்கலாம். அதுவும் கனாசவா பெண் என்றால் ரொம்பவே பொருத்தம். கல்யாணமாகிப் போகும் மகளுக்குக் காப்பாக ஒரு தெமாரி கொடுத்தனுப்பும் வழக்கம் உள்ள ஊர் அது. 1601-ல், பின்னாளில் ஷோகுன் (நாட்டை ஆளும் படைத்தலைவர்) ஆன தொகுகாவா ஹிதெததாவின் மகள் தமாஹிமேயை, அந்தப் பகுதியை ஆண்ட மயேதா குடும்பத்துக்கு மணமுடித்து அனுப்பினார்கள். பெண் அப்போது சின்னக் குழந்தை. அவள் விளையாடக் கொண்டுவந்த பொருள்களோடு தெமாரியும் வந்தது, அதிலிருந்துதான் இந்த வழக்கம் தொடங்கியது என்று கனாசவாக்காரர்கள் சொல்வார்கள். அந்தப் பகுதியின் பழைய பெயரைச் சேர்த்து 'காகா தெமாரி' என்றே விற்கிறார்கள். உங்கள் தோழியின் அம்மாவோ பாட்டியோ அதைப் பார்த்ததும் புரிந்துகொள்வார்கள்.

பந்து உருண்டையாக இருப்பதால் குடும்பம் பிணக்கில்லாமல் நிறைவாக ஓடும் என்றும், நூலால் சுற்றியது என்பதால் உறவு இழை இழையாகப் பின்னிக்கொள்ளும் என்றும் ஜப்பானியர்கள் எடுத்துக்கொள்வார்கள். தம்பதி என்பதால் ஒரே அளவில் இரண்டு வண்ணங்களில் ஜோடியாகக் கொடுப்பதும் நன்றாக இருக்கும்.

இனி நடைமுறை. மொய் கவரை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். விருந்துக்கு அழைக்கப்பட்ட நண்பர், சக ஊழியர் என்றால் 30,000 யென் வைப்பது அங்கே பொது வழக்கம். தெமாரி அதற்கு மேல் நீங்கள் அன்பாகச் சேர்ப்பது, அதற்குப் பதிலாக வைப்பது அல்ல. கல்யாண நாளன்று மண்டபத்துக்குப் பொருளைத் தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். மணமக்கள் ஏற்கெனவே பைகளோடு திண்டாடிக்கொண்டிருப்பார்கள். ஒரு வாரம், பத்து நாள் முன்னதாகவே நேரில் கொடுத்துவிடுங்கள், அல்லது வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கடையில் பொட்டலம் கட்டும்போது கல்யாணத்துக்கு என்று சொல்லுங்கள். மேலே கட்டும் அலங்காரக் கயிற்றின் முடிச்சு அதைப் பொறுத்து மாறும். கல்யாணத்துக்கு இழுத்தாலும் அவிழாத முடிச்சு. அது ஒரே தடவை நடக்க வேண்டியது. குழந்தை பிறப்புக்கு இழுத்தால் அவிழும் பட்டாம்பூச்சி முடிச்சு. அது எத்தனை தடவை வந்தாலும் நல்லதே. சிவப்பும் வெள்ளையும் கலந்த கயிறாக இருக்க வேண்டும். கறுப்பும் வெள்ளையும் துக்கத்துக்கு உரியது. பந்தின் நிறத்திலும் அந்த ஜோடியைத் தவிர்ப்பது நல்லது.

கேள்வி: இந்திய இணையக் கடை ஒன்றில் 'ஜப்பானியத் தெமாரி' மூன்று பந்து 900 ரூபாய் என்று போட்டிருக்கிறது. நம்பி வாங்கலாமா? அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? (கோயம்புத்தூர்)

அந்த விலைக்கு ஜப்பானில் கையால் தைத்த மூன்று பந்துகள் வர வழியில்லை. அங்கே உள்ளங்கையில் அடங்கும் ஒரு பந்தே சில ஆயிரம் யென் ஆகும்.

தெமாரி என்ற பெயரில் என்னென்ன வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒன்று, தெமாரிப் படம் அச்சடித்த துணிப் பந்து அல்லது பிளாஸ்டிக் பந்து. இரண்டாவது, தெர்மோகோல் உருண்டையில் கோடு கோடாகக் கீறி, அந்தக் கீறலுக்குள் பட்டுத்துணித் துண்டுகளின் ஓரத்தைச் செருகிச் செய்வது. இதற்கு 'கிமெகோமி' என்று பெயர். இதுவும் கைவேலைதான், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் நூல் தையல் இல்லை. இதைத் தெமாரி விலைக்கு விற்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்றாவது, நூலைப் பசை போட்டு ஒட்டியது. நான்காவதுதான் ஊசியால் தைத்தது.

தைத்த பந்தைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது அதன் உச்சி. பூ மொட்டுப் போல நூல்கள் அங்கிருந்துதான் விரியும். ஒவ்வொரு இதழின் முனையிலும் நூல் வளைந்து, பந்தைப் பாகம் பிரிக்கக் கீழே போட்டிருக்கும் கோட்டு நூலுக்கு அடியில் நுழைந்து, மறுபக்கம் வந்து தன்னையே குறுக்காகக் கடந்து போயிருக்கும். அந்தச் சின்னப் பெருக்கல் குறி ஒவ்வொரு முனையிலும், ஒன்றன் கீழ் ஒன்றாகப் படிக்கட்டு மாதிரி இறங்கியிருந்தால் அது ஊசி வேலை. நகத்தால் மெல்ல வருடினால் இழைகள் தனித்தனியாகத் தட்டுப்படும். பசை போட்டதில் விறைப்பாக ஒரே தகடாகத் தெரியும், வெளிச்சத்தில் சாய்த்தால் பசையின் மினுமினுப்பும் தெரியும்.

அடுத்து, பந்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். நல்ல பந்தில் அடிப்பக்கமும் மேல்பக்கத்துக்கு ஈடாக இருக்கும். எந்த இடத்திலும் முடிச்சு வெளியே தெரியாது. நூலின் நுனியை உள்ளே சுற்றிய நூலுக்குள் ஓட்டி மறைத்துவிடுவார்கள். இழைகளுக்கு நடுவே அடித்தளம் பல்லிளிக்கக் கூடாது. அதேசமயம் இதழ்கள் அச்சில் வார்த்தது போல நூற்றுக்கு நூறு ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். மயிரிழை வித்தியாசம் கையால் செய்ததில் இருக்கத்தான் செய்யும்.

உள்ளே தெர்மோகோல் இருந்தாலே போலி என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. இன்று நன்றாகத் தைக்கிறவர்களே பலர் தெர்மோகோல் உருண்டையில் தைக்கிறார்கள். நெல் உமி, பஞ்சு, பழைய துணி வைத்துச் செய்வது பழைய முறை. அதற்கு விலை கூடும். அதை வெளிப்படையாகச் சொல்லி விற்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இணையத்தில் வாங்குவதானால் உச்சியையும் அடிப்பக்கத்தையும் நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தைத்தவரோ, தைத்தவரிடம் நேரே வாங்கி விற்பவரோ ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரு பந்துக்கு 8,000 யென், 12,000 யென் என்கிறார்கள். நூலும் உமியும்தானே! இவ்வளவு விலை நியாயமா? (சிங்கப்பூர்)

நியாயம்தான். எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன், நீங்களே கணக்குப் பாருங்கள்.

பழைய முறையில் உமியை மெல்லிய தாளில் பொதிந்து உருட்டுவார்கள். அதன் மேல் நூலைச் சுற்றுவார்கள், ஒரே திசையில் அல்ல, கை போன போக்கில் எல்லாப் பக்கமும். திசை மாறாமல் சுற்றினால் பந்து கோணிக்கொள்ளும். கடைசியில் ஒரே நிறத்தில் மெல்லிய நூல் சுற்றி, மேற்பரப்பு துணி போல ஆகும் வரை விடமாட்டார்கள். இதுவரை பூ வேலை தொடங்கவே இல்லை.

அப்புறம் அளவெடுப்பது. ஸ்கேல் கிடையாது, ஒரு தாள் பட்டைதான். பந்தின் ஒரு புள்ளியில் குண்டூசி குத்தி, பட்டையைச் சுற்றிக் கொண்டுவந்து, அந்த நீளத்துக்கு வெட்டி, இரண்டாக மடித்தால் எதிர்ப்பக்க உச்சி கிடைக்கும். நான்காக மடித்தால் நடுவட்டம். அந்த நடுவட்டத்தை எட்டாகவோ பத்தாகவோ பிரித்துக் குண்டூசி குத்தி, பொன்னிற நூலால் கோடு போடுவார்கள். இதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் கடைசியில் பூ ஒரு பக்கம் சப்பையாக வரும். பிறகுதான் ஊசி. கோட்டுக்குக் கோடு மேலும் கீழுமாகப் போய், முந்தின இழையை ஒட்டியே அடுத்த இழை. நிறத்தை மாற்ற வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் நூலை முடித்து, மறைத்து, புதிதாகத் தொடங்க வேண்டும். நெருக்கமான வேலைப்பாடு உள்ள ஒரு பந்து பல நாள் வேலை.

ககாவா மாகாணத்தின் 'சனுகி' தெமாரியில் இன்னும் ஒரு படி அதிகம். அங்கே பருத்தி நூலைச் செடிகொடிகளிலிருந்து எடுத்த சாயத்தில் தோய்க்கிறார்கள். பருத்தி, சர்க்கரை, உப்பு மூன்றும் அந்தப் பகுதியின் 'மூன்று வெள்ளைகள்' என்று பெயர் வாங்கியவை. அந்த ஊர்ப் பருத்தியில் பிறந்த பந்து அது. பளபளப்பு இருக்காது. இண்டிகோ நீலம், பழுப்பு, இளமஞ்சள் போன்ற அடக்கமான நிறங்கள். முதல் பார்வையில் சாதாரணமாகத் தெரியும், பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போகும். என்னைக் கேட்டால், பெரிய மின்னும் பந்தைவிட, அதே காசுக்குச் சின்னதாக ஒரு சனுகிப் பந்தை வாங்குவேன்.

கேள்வி: ஃபுகுவோக்கா அலுவலகத்தில் என் மேலாளருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மார்ச்சில் ஏதோ பொம்மைத் திருவிழா வருமாமே, அதற்குத் தெமாரி கொடுக்கலாம் என்று சக ஊழியர் சொன்னார். பெரிதாகவே ஏதாவது செய்யலாம் என்று நினைக்கிறேன். (ஃபுகுவோக்கா)

மார்ச் 3-ஆம் தேதி ஹினாமட்சுரி. பெண் குழந்தைகள் நலமாக வளர வேண்டும் என்று, நம் கொலு மாதிரி படிகள் வைத்துப் பொம்மை அடுக்கும் நாள். உங்களுக்குப் பக்கத்திலேயே யானகாவா ஊர் இருக்கிறது. படகுச் சவாரிக்குப் பெயர் போன ஊர். அங்கே இந்தத் திருவிழாவுக்குப் பொம்மைப் படியோடு 'சாகெமொன்' என்ற தொங்கல் அலங்காரத்தையும் மாட்டுவார்கள். சிவப்பும் வெள்ளையும் சுற்றிய வளையத்திலிருந்து ஏழு கயிறுகள், ஒவ்வொன்றிலும் ஏழு சின்னப் பொருள்கள்: துணியில் தைத்த கொக்கு, முயல், இறால், குழந்தை, இடையிடையே குட்டி நூல் பந்துகள். ஆக 49. நடுவில் பெரிய தெமாரி இரண்டு தொங்கும். மொத்தம் 51. மனித ஆயுள் 50 வருஷம் என்று எண்ணிய காலத்தில், என் பெண் அதற்கு மேல் ஒரு வருஷமாவது கூட வாழட்டும் என்று பெரியவர்கள் 51 ஆக்கினார்கள் என்பது அங்கே சொல்லும் காரணம். பிப்ரவரி, மார்ச்சில் ஊர் முழுக்க இதைத் தொங்கவிட்டிருப்பார்கள். நேரில் ஒரு தடவை போய்ப் பாருங்கள், படத்தில் பார்ப்பது பாதிதான்.

ஆனால் முழு சாகெமொன் நீங்கள் வாங்க வேண்டாம். குழந்தையின் முதல் ஹினாமட்சுரிக்கு அதைச் செய்து மாட்டுவது பாட்டி, அத்தை, சித்தி என்று உறவுக்காரர்களின் உரிமை. பணத்திலும் பெரிய தொகை. அதில் அலுவலகத்து ஆள் புகுந்தால் அவர்களுக்குத்தான் சங்கடம்.

இன்னொரு காரணமும் உண்டு, நம்மவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. குழந்தைக்குப் பரிசு வாங்கிக்கொண்டவர்கள், அதன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை திருப்பி ஒரு பொருளாக அனுப்ப வேண்டும் என்பது ஜப்பானிய வழக்கம். 'உச்சிஇவாய்' என்பார்கள். நீங்கள் 20,000 யென்னுக்குக் கொடுத்தால், கைக்குழந்தையோடு தூக்கமில்லாமல் இருக்கும் அந்தத் தாய் 10,000 யென்னுக்கு உங்களுக்குத் தேடி அலைய வேண்டும். அலுவலகத் தொடர்புக்கு 3,000 முதல் 5,000 யென் போதும். அந்த விலைக்கு யானகாவாவிலேயே சின்னதாக ஒரு நூல் பந்து கிடைக்கும்.

வடிவம் தேர்ந்தெடுக்கும்போது 'ஆசானோஹா' இருக்கிறதா என்று கேளுங்கள். ஆறு முனை நட்சத்திரம் ஒன்றோடொன்று கோத்தது போல இருக்கும். வேகமாக, நெட்டையாக வளரும் நார்ச்செடியின் இலை அது. குழந்தையும் அப்படி வளரட்டும் என்று கைக்குழந்தைத் துணிகளில் பழங்காலம் முதல் போட்டுவருகிற வடிவம்.

நேரம்: பிறந்து ஒரு வாரம் கழித்து, ஒரு மாதத்துக்குள் கொடுப்பது வழக்கம். பிறப்பதற்கு முன்னால் கொடுக்கக் கூடாது என்பதில் அவர்களும் நம்மைப் போலத்தான். குழந்தை பிப்ரவரிக் கடைசியில் பிறந்திருந்தால் முதல் ஹினாமட்சுரியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிடுவார்கள். எந்த மார்ச் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தெமாரியைக் குழந்தை விளையாடக் கொடுக்கலாமா? உள்ளே மணிச்சத்தம் கேட்கிறது.

இன்று விற்பவை பெரும்பாலும் அலங்காரத்துக்கானவை. வாயில் வைத்தால் சாயமும் இழையும் போகும், நூல் பிரிந்தால் விரலில் சுற்றிக்கொள்ளும், உள்ளே மணி வேறு இருக்கிறது. தொட்டிலில் போடாதீர்கள். கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். விளையாடத்தான் வேண்டும் என்றால், ஜப்பான் பொம்மைச் சங்கத்தின் 'எஸ்.டி.' (ST) பாதுகாப்பு முத்திரை உள்ள துணிப்பந்தை வாங்குங்கள்.

ஒரு காலத்தில் இது விளையாட்டுப் பந்தேதான். எடோ காலத்தில் (1603–1868) பருத்தி நூல் பரவலானதும் சிறுமிகள் பாட்டுப் பாடிக்கொண்டே தரையில் தட்டி விளையாடினார்கள். ர்யோகான் என்ற ஜென் துறவி (1758–1831) ஊர்க் குழந்தைகளோடு நாள் முழுக்க இந்தப் பந்தைத் தட்டி ஆடியதைக் கவிதையாகவே எழுதியிருக்கிறார். அடுத்து வந்த மெய்ஜி காலத்தில் (1868–1912) ரப்பர் பந்து வந்ததும் நூல் பந்து தரையை விட்டு அலமாரிக்குப் போய்விட்டது.

கேள்வி: அம்மாவுக்கு அறுபது நிறைகிறது. ஒசாகாவில் இருக்கிறேன், மதுரைக்குத் தெமாரி அனுப்ப நினைக்கிறேன். என்ன நிறம்? பார்சலில் போடலாமா? (ஒசாகா)

நிறம் சிவப்பு. ஜப்பானிலும் அறுபது வயதுக்குத் தனி மரியாதை. நம்முடைய பிரபவ முதல் அட்சய வரையிலான சுற்று போலவே அங்கும் 60 ஆண்டுச் சுற்று உண்டு. அது முடிந்து பிறந்த ஆண்டுக்கே திரும்பி வருவதால், மறுபடி குழந்தை ஆனதாகக் கணக்கு வைத்துச் சிவப்பு உடுத்துவார்கள். அதனால் சிவப்புத் தளத்தில் சாமந்தி வேலை செய்த பந்து அம்மாவுக்கு இரண்டு ஊர் வழக்கத்துக்கும் பொருந்தும். சாமந்தி அங்கே நீண்ட ஆயுளுக்கு அடையாளம். 77-க்கு ஊதா, 88-க்குப் பொன்னிறம் என்று பிற்பாடு வருவதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பார்சலில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது சுங்கம். தபாலிலோ கூரியரிலோ வரும் பொருளுக்குப் 'பரிசு' என்று எழுதி வரிவிலக்குப் பெறும் வழியை இந்தியா 2019 டிசம்பரில் எடுத்துவிட்டது. ராக்கிக் கயிறும் உயிர்காக்கும் மருந்தும் மட்டுமே விலக்கு. வரி கட்டச் சொல்லி அம்மாவுக்குச் சீட்டு வந்தால் நன்றாக இருக்காது. இரண்டாவது உமி. அது தாவரப் பொருள், தாவரப் பொருள்களைச் சோதிக்கும் குவாரண்டைனில் கேள்வி எழலாம். ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் இதில் இன்னும் கெடுபிடி. கடையில் "நகா வா நன் தெஸ் கா" என்று கேட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். வெளிநாட்டுக்கு என்றால் பஞ்சோ தெர்மோகோலோ வைத்ததை வாங்குவதே நிம்மதி. ஊருக்குப் போகும் நண்பர் யாராவது இருந்தால் அவர் பெட்டியில் கொடுத்தனுப்புவது எல்லாவற்றிலும் சுலபம். அழுத்தினால் வடிவம் கெடும், அதனால் அட்டைப் பெட்டியோடு துணிகளுக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள்.

மதுரை வெயிலுக்கு ஒரு வார்த்தை. ஜன்னல் ஓரத்திலோ விளக்குக்கு அருகிலோ வைக்க வேண்டாம், செடிச் சாயம் சீக்கிரம் வெளுக்கும். சாமி மாடத்தில் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் ஏறிவிடும். கண்ணாடி அலமாரிதான் சரியான இடம். தூசியை மென்மையான தூரிகையால் தட்டினால் போதும். தண்ணீர் படவே கூடாது.

கேள்வி: ஜப்பானிய இணையக் கடையில் வாங்கிய பந்து நேற்று வந்தது. படத்தில் கருஞ்சிவப்பு, வந்தது செங்கல் நிறம். 'கூலிங் ஆஃப்' என்று சொல்லித் திருப்பலாமா? (யோகோஹாமா)

முடியாது. வாங்கியதைக் குறிப்பிட்ட நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யும் உரிமைதான் கூலிங் ஆஃப். வீடு தேடி வந்து விற்பது போன்றவற்றுக்குத்தான் ஜப்பானில் அது உண்டு. இணையம், தபால் வழி வாங்கியதற்கு அது இல்லை. ஆனால் கடை தன் பக்கத்தில் திருப்பித் தரும் விதியைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால், பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து எட்டு நாளுக்குள், அனுப்பும் செலவு உங்களுடையதாக, திருப்பிவிடச் சட்டம் இடம் தருகிறது. அதனால் கையோடு அந்தப் பக்கத்தைப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நிற வித்தியாசம் மட்டும் என்றால் வாதாடுவது கடினம். ஒவ்வொரு சாயத் தோய்ப்புக்கும் நிறம் கொஞ்சம் மாறும் என்று கடைக்காரர் எழுதியிருந்தால் அது உண்மையும்கூட. 'பட்டு நூல்' என்று போட்டு வேறு நூலில் வந்திருந்தாலோ, தையல் விட்டிருந்தாலோ கதை வேறு. சொன்ன பொருளை அவர் தரவில்லை, அவர் செலவிலேயே சரிசெய்யக் கேட்கலாம். தனிநபர் தனிநபருக்கு விற்கும் கைவினைச் சந்தைத் தளத்தில் வாங்கியிருந்தால், அந்தத் தளத்தின் விதிப்படி 'பொருள் வந்தது' என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் விற்றவருக்கு எழுதுங்கள். அழுத்தியபின் பணம் அவர் கைக்குப் போய்விடும்.

பேசித் தீரவில்லை என்றால் 188. நுகர்வோர் உதவி எண், உங்கள் பகுதி ஆலோசனை மையத்துக்கு இணைப்பார்கள். ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

கேள்வி: ஏப்ரலில் பத்து நாள் ஜப்பான் பயணம். தெமாரி வாங்க எந்த ஊர் நல்லது? சுற்றுலாப் பயணிக்கு வரி கிடையாதாமே? (சென்னை)

உங்கள் பாதையில் எது வருகிறதோ அது. இதற்காக மட்டும் ரயில் மாறி அலைய வேண்டியதில்லை. கோட்டை பார்க்க நகானோ மாகாணத்து மட்சுமோட்டோ போகிறீர்கள் என்றால் அங்கே வாங்குங்கள். அந்த ஊரின் அடையாளமே தெமாரி, சாலையில் பாதாளச் சாக்கடை மூடியில்கூட அதை வார்த்திருக்கிறார்கள். அடுக்கடுக்கான சாமந்தி வேலை அவர்கள் கைவரிசை. கனாசவா போனால் காகா. ஷிகோகு தீவுக்குப் போனால் தகமட்சுவில் சனுகி. வடக்கே அகிதா மாகாணத்து யூரிஹோன்ஜோவின் பந்துக்கு மூன்று பக்கம் குஞ்சம் தொங்கும், அது வேறெங்கும் அந்த மாதிரி இருக்காது. டோக்கியோ மட்டும்தான் என்றால் விமான நிலையக் கடையை நம்பாமல், மாகாணங்கள் தங்கள் ஊர்ப் பொருள்களை விற்க நகருக்குள் நடத்தும் கடைகளுக்குப் போங்கள். அந்தந்த ஊர்ச் சரக்கு அங்கே வரும்.

வரி விஷயம்: வரிவிலக்குப் பலகை உள்ள கடையில், ஒரே நாளில் வரி சேர்க்காமல் 5,000 யென்னுக்குக் குறையாமல் வாங்கினால் 10 சதவீத வரியில்லை. 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது. முதலில் வரியோடு பணம் கட்டி, கிளம்பும்போது விமான நிலையத்தில் சரிபார்த்த பிறகு திரும்பப் பெற வேண்டும். சின்னக் கைவினைக் கடைகள் பலவற்றில் இந்தப் பலகையே இருக்காது. அதற்காக நல்ல பந்தை விட்டுவிட்டு வராதீர்கள்.

கடையில் பேரம் பேச வேண்டாம். யார் தைத்தது என்று கேளுங்கள், அது அவர்களுக்குப் பிடித்த கேள்வி. பெயர் எழுதிய சின்னச் சீட்டு இருந்தால் பந்தோடு வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பரிசு வாங்குகிறவர் கையில் அந்தச் சீட்டும் போய்ச் சேர வேண்டும்.

கேள்வி: தங்கை கல்யாணத்துக்கு நானே தைத்துக் கொடுக்க முடியுமா? எம்ப்ராய்டரி கொஞ்சம் தெரியும். (தஞ்சாவூர்)

முடியும். கல்யாணத்துக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்பதுதான் விஷயம். மூன்று மாதமாவது இருந்தால் தொடங்குங்கள். முதல் பந்தைப் பரிசாகத் திட்டமிடாதீர்கள், மூன்றாவதோ நான்காவதோ தேறும்.

நூலும் ஊசியும் விளக்கத் தாளும் சேர்ந்த கிட்டுகளை ஜப்பானில் விற்கிறார்கள். ஆனால் உங்களுக்கு அது அவசியமில்லை. ஏழு, எட்டு சென்டிமீட்டர் தெர்மோகோல் உருண்டை, சுற்ற ஸ்வெட்டர் நூல், அதன் மேல் சுற்றத் தையல் நூல், பூ வேலைக்கு முறுக்கேறிய பருத்தி எம்ப்ராய்டரி நூல், கோட்டுக்கு ஜரிகை நூல், தலை பெருத்த குண்டூசிகள், நீளமான ஊசி. எல்லாம் உங்கள் ஊர்த் தையல் சாமான் கடையிலேயே கிடைக்கும். எட்டுக் கோடு போட்டுச் சாமந்தி ஒன்று, நடுவில் இடுப்புப் பட்டை ஒன்று. முதல் மூன்று பந்துகளுக்கும் இதே வடிவம் போதும். தையல் நூல் சுற்றுவதில் அவசரப்படாதீர்கள், அந்தத் தளம் இறுக்கமாக இல்லாவிட்டால் ஊசி பிடிக்காது. வேலை முடிந்ததும் குத்திய குண்டூசிகளை எண்ணி எடுங்கள், ஒன்றுகூட உள்ளே தங்கிவிடக் கூடாது.